மண் சரியும் இடத்தில் நமக்கென்ன வேலை?

(தேனியில் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'இயற்கைப் பேரிடரும் தலித் மக்களும்'. தலைப்பை விட்டுட்டு ஒரு கேள்வியை எடுத்துக்கிறேன். புயல் அடிச்சாலும் கடல் பொங்கினாலும் மலை சரிஞ்சாலும், மறுநாள் டீக்கடையில் பேப்பரை மடிச்சு வைக்கிற ஆள் கேட்கிற கேள்வி அது. "ஆபத்துன்னு தெரியும்ல, பெறகு என்னாத்துக்கு அங்ஙன போயிக் குடியிருக்காய்ங்க?" கேட்கிறவர் கெட்டவர் இல்லை. உச்சுக்கொட்டிக்கிட்டே, இரக்கத்தோடுதான் கேட்பார். சில நேரம் நம்ம ஆட்களே கேட்கிறார்கள்.

இதற்கு ரெண்டு பதில் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, அறியாமை, படிக்காத சனம், தெரியாமல் இருக்குது என்பது. இன்னொன்று நம்ம தரப்புப் பதில்: வேறு வழி இல்லாமல் இருக்கிறார்கள் என்பது. முதலாவது பொய். மழை எத்தனை நாள் அடிச்சா ஓடை எந்தப் பக்கம் திரும்பும்னு அங்கே இருக்கிற கிழவிக்குத் தெரிகிற மாதிரி எந்த நிபுணருக்கும் தெரியாது. ரெண்டாவது பதில் பாதி உண்மை. அந்தப் பதிலில் நம்ம சனங்க காத்தடிச்ச பக்கம் போற சருகு மாதிரி ஆகிவிடுகிறார்கள். அப்படி இல்லை. நம் பாட்டனும் பாட்டியும் கணக்குப் போட்டுத்தான் போனார்கள். அது என்ன கணக்கு என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. மூணாறுக்கு மேலே ராஜமலைப் பக்கம் பெட்டிமுடி. கண்ணன் தேவன் கம்பெனியின் நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த டிவிஷன். மலை பிளந்து வந்து நாலு லயத்தை மூடியது. செத்தவர்கள் 70 பேர். அதில் நாலு பேருடைய உடல் கடைசி வரை கிடைக்கவில்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, பெரியவரைப் பாலம் தண்ணீரில் போய்விட்டது. விடிஞ்ச பிறகுதான் வெளி உலகத்துக்கே தெரிந்தது. செத்தவர்கள் தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள். நிறையப் பேருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். மறுநாள் ராத்திரி கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் செத்தவர்களுக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதலமைச்சர் விமான விபத்து நடந்த இடத்துக்கு அடுத்த நாளே போனார். பெட்டிமுடிக்கு வந்தது 13ஆம் தேதி. இதைப் பற்றி அப்பவே நிறையப் பேசியாச்சு, எழுதியாச்சு. நான் அதற்குள் போகவில்லை. அந்த லயத்தில் அவர்கள் ஏன் இருந்தார்கள் என்பதுதான் இன்றைக்குப் பேச்சு.

நம்ம போடியிலிருந்தே தொடங்கலாம். குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன் இருக்கிறதே, அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூணாறுத் தேயிலை குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாகக் குட்டி ரயிலில் அந்த உச்சிக்கு வரும். அங்கிருந்து கம்பி வழியாக, ரோப் வேயில், கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடி. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924இல் வந்த பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பிறகு யாரும் அந்தத் தண்டவாளத்தைத் திரும்பப் போடவில்லை. கம்பெனிக்காரன் ரோப் வேயை வைத்துச் சமாளித்தான், பிறகு சாலை போட்டான். மலை சரியும், ஆறு திசை மாறும், எங்கே எதைக் கட்டக்கூடாது என்று நூறு வருஷத்துக்கு முன்பே கம்பெனிக்குத் தெரியும். ரயிலுக்கு அந்த அறிவு பயன்பட்டது. லயத்துக்குப் பயன்படவில்லை. நான் பார்த்த தோட்டங்களில் துரை பங்களா மேட்டில் இருக்கும், நாலு பக்கமும் பார்வை தெரியும். லயம் ஓடைப் பக்கம், சரிவுக்கு அடியில் இருக்கும். தண்ணிக்குச் சௌகரியம், கொழுந்துக் காட்டுக்குப் பக்கம், அளவெடுத்த மாதிரி ஒரு அறையும் ஒரு அடுப்படியும்.

அந்த மலைக்கு ஆள் எங்கிருந்து போனது? திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை ஜில்லாக்களிலிருந்து. கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனான். கடன், பஞ்சம், மலேரியா, கங்காணியின் பிரம்பு, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒரு கதையைச் சொல்கிறேன். எங்கள் பெரியம்மா ஒருத்தர் மலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளியவர். 2020இல் அந்தச் செய்தி வந்தபோது கேட்டேன், "பயமே இல்லையா பெரியம்மா, எப்படித்தான் அங்க இருந்தீங்க?" அவர் வெத்தலையை மென்றுகொண்டே சொன்னார்: "ஏய்யா, மழைக்கு வருசத்துல நாலு மாசம் பயந்து கெடக்கணும். ஊருல முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும்ல பயந்து கெடக்கணும். மலை என்னயப் பேரு சொல்லிக் கூப்புட்டு வையல. என் தாவணியப் பாத்து ஒருத்தனும் சிரிக்கல."

கணக்கு அவ்வளவுதான், தோழர்களே. ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற சாவு ஒரு பக்கம். தினமும் காலையில் தெருவில் இறங்கும்போது வருகிற சாவு இன்னொரு பக்கம். எங்கள் பெரியம்மா முதலாவதைத் தேர்ந்தெடுத்தார். பொதுப்புத்திக்கு அந்த ரெண்டாவது ஆபத்து கண்ணில் படாது. அதற்கு மழைமானி கிடையாது, சிவப்பு எச்சரிக்கை கிடையாது. அதனால்தான் இவர்களுக்கு நம் தேர்வு பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது.

இந்தப் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு அந்த ரெண்டாவது ஆபத்துக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1989 செப்டம்பரில் போடியிலும் சுற்றுப்புறத்திலும் நடந்த சாதிக் கலவரத்தை உங்கள் அப்பா அம்மாவிடம் கேளுங்கள், சொல்வார்கள். பெட்டிமுடியில் செத்தவர்களின் பூர்வீக மாவட்டத்தில்தான் கொடியன்குளம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் உள்ளே புகுந்து வீடு வீடாகச் சூறையாடிய ஊர். அரிசியில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். பத்திரமான சமதளம் என்று எல்லோரும் சொல்கிற இடம் அது. அங்கே மலை இல்லை, கடல் இல்லை.

மலையில் சாதியே இல்லை என்று சொல்லவில்லை. கங்காணிமார் யார், சூப்பர்வைசர் யார், கொழுந்து கிள்ளியது யார் என்று பார்த்தால் தெரியும். ஆனாலும் லயத்தில் வரிசையில் எல்லாரும் ஒரே குழாயில் தண்ணி பிடித்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பொம்பளைகள் கையில் கூலி வாங்கினார்கள். 2015 செப்டம்பரில் மூணாறை ஒன்பது நாள் மறித்து உட்கார்ந்த 'பெண்பிளை ஒருமை'யை நினைத்துப் பாருங்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்ட வரவிடாமல் விரட்டிவிட்டு, வெட்டிய போனஸை 20 சதவீதமாகத் திரும்ப வாங்கின பெண்கள். அந்தத் துணிச்சல் ஊர்த் தெருவில் வளர்ந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மாஞ்சோலையையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். 1999 ஜூலை 23, நெல்லையில் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களை போலீஸ் அடித்து ஆற்றுக்குள் தள்ளியது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் போனார்கள். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலம் அது. சிங்கம்பட்டி ஜமீனிடம் பம்பாய் பர்மா கம்பெனி 1929இல் எடுத்த 99 வருஷக் குத்தகை 2028இல் முடிகிறது. 2024இல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று தாளை நீட்டியது. அப்போது தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள்? மலையிலேயே இருக்க விடு என்று கேட்டார்கள். அட்டைக்கடி, யானை, மழை, ஆஸ்பத்திரிக்குப் போக மணிக்கணக்கில் பஸ், அதோடுதான் இருக்க விடு என்றார்கள். கீழே இறங்கினால் எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, மலைக்குப் போனார்கள். போன பிறகு, ஆபத்து தெரிந்த பிறகு, கொஞ்சம் காசு சேர்த்து இறங்கியிருக்கலாமே? கேட்கலாம். 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு கொடுக்க வேண்டியது முதலாளி பொறுப்பாக இருந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடு முடிந்தது. முப்பது நாற்பது வருஷம் உழைத்துவிட்டு ஓய்வு பெறுகிறவளுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்த ஒரு அறையை விடாமல் இருக்க மகனோ மருமகளோ பேர் பதிய வேண்டும். கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் பெரிய புகழ் பெற்றது. அதே சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தது. கீழே நாட்டுப்புறத்தில் குடிசை போட்டிருந்தவனுக்கு மனை கிடைத்தது. மலை முழுக்க உழைத்தவன் கையில் ஒன்றும் இல்லை. அந்த அறையும் மண்ணுக்குள் போகிறபோதுதான் நமக்கு அவர்கள் ஞாபகம் வருகிறது. பெட்டிமுடிக்குப் பிறகு குட்டியார் வேலியில் எட்டுக் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். நல்லது. மிச்ச டிவிஷன்களில் லயங்கள் அப்படியே இருக்கின்றன.

நான் வங்கியில் குமாஸ்தா. இந்த விஷயத்துக்கு அது தேவைப்படுகிறது, அதனால் சொல்கிறேன். வீட்டுக் கடன் கேட்டு வருகிறவரிடம் முதலில் கேட்பது பட்டா, அடுத்து வில்லங்கச் சான்று. லயத்தில் இருந்தவருக்கு ரெண்டும் இல்லை. புறம்போக்கில் இருப்பவருக்கும் இல்லை. இருபது வருஷச் சம்பளச் சீட்டை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள். அதை வைத்து நகைக்கடன் பக்கம்தான் கை காட்ட முடியும். பத்திரமான இடத்துக்குப் போ என்று சொல்கிற அதே சமூகம், பத்திரம் இல்லாதவனுக்கு அந்த இடத்தை வாங்கக் காசு தராது. தமிழில் 'பத்திரம்' என்ற சொல்லுக்கு ரெண்டு அர்த்தமும் இருப்பது தற்செயலா என்று கவுண்டரில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

மலையை விட்டுக் கொஞ்சம் கடற்கரைக்குப் போவோம். புயல் வருகிற இடத்தில் ஏன் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வி அங்கேதான் அதிகம் கேட்கப்படுகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் மீனவக் குடும்பங்கள் அந்த மணலில் குடிசை போட்டு இருந்தார்கள். கடலில் போட்டது கரையில் இருந்தால்தான் கைக்கு வரும்; அது தொழில் சம்பந்தப்பட்ட கணக்கு. ஆனால் நாகை, வேதாரண்யம் பக்கம் கரையை ஒட்டி இருக்கிறவர்கள் எல்லோரும் மீனவர்கள் இல்லை. கூலிக்காரர்கள், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், தலித்துகள் நிறைய. அவர்கள் எப்படி அங்கே வந்தார்கள்?

கீழத்தஞ்சையில் பண்ணையாள் குடிசை போட்டிருந்த மண் மிராசுதாருடையது. கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரி என்பான். அரைப்படி நெல்லுக்கும் செங்கொடிக்கும் கீழ்வெண்மணியில் 44 பேர் 1968இல் எரிந்தார்கள். 1971இல்தான் குடியிருப்புதாரருக்கு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. அதுவரை, ஏன் அதற்குப் பிறகும், ஆண்டையின் மண்ணில் இருக்கப் பிடிக்காதவனுக்கு இருந்தது எது? ஆற்றுப் படுகை, வடிகால் கரை, கடலோரப் புறம்போக்கு. ஆண்டை இல்லாத மண் எல்லாம் தண்ணீர் வருகிற மண். தண்ணீர் வராத மண்ணுக்கு ஆண்டை இருந்தான்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. 1970 நவம்பரில் அன்றைய கிழக்கு பாகிஸ்தானில் அடித்த போலாப் புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்தார்கள். எங்கே? ஆறு வண்டலைக் கொட்டிப் புதுசு புதுசாக உண்டாக்குகிற திட்டுகளில். வங்காளத்தில் 'சர்' என்பார்கள். நிலமில்லாதவன் அந்தத் திட்டுக்குப் போனான். 2005இல் கத்ரீனா வந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் கரை உடைந்தபோது மூழ்கிய லோயர் நைன்த் வார்டு கறுப்பர்களின் பகுதி. டி.வி.யில் கேட்டார்கள், ஏன் இவர்கள் முன்னாடியே வெளியேறவில்லை என்று. நிறையப் பேரிடம் கார் இல்லை. அதைவிட முக்கியமானது ஒன்று: அந்தத் தாழ்வான பகுதியில் கறுப்பர்கள் பலரும் சொந்த வீட்டில் இருந்தார்கள். தாத்தா வாங்கிய மண். பேரன் விட்டுப் போக மாட்டேன் என்றான். போலாவிலும் நியூ ஆர்லியன்சிலும் நாகையிலும் ஒரே கணக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.

அடித்துப் போட்ட பிறகு வருகிற நிவாரணத்தையும் பாருங்கள். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் படகு போனவனுக்குக் கணக்கு இருந்தது. படகில் கூலிக்குப் போனவனுக்கு, கருவாடு சுமந்தவளுக்கு என்ன கணக்கு? நிவாரண முகாமில் தலித்துகள் ஒதுக்கி வைக்கப்பட்டது அப்போது வெளிநாட்டு மனித உரிமை அமைப்புகள் வரை பதிவானது. 2018 நவம்பர் 16 கஜாவில் விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. முழுசாகப் போன குடிசைக்கு 10,000. தென்னைக்குச் சொந்தக்காரனுக்கு மரத்தை எண்ணிக் கொடுத்தார்கள். அந்தத் தோப்பில் காய் பறித்து, மட்டை உரித்துப் பிழைத்தவனுடைய பத்து வருஷக் கூலியும் மரத்தோடு விழுந்தது. அதை எண்ண ஆள் வரவில்லை.

இனி நம்ம பள்ளத்தாக்கு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால்தான் நாம் சோறு தின்கிறோம். ஆண்டுதோறும் பென்னிகுக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தத் தண்ணீர் பாய்கிற இருபோக வயல் 14,707 ஏக்கர் என்பது கணக்கு. அதில் நம்ம சனங்க பேரில் எத்தனை ஏக்கர் இருக்கு? உங்க ஊர் விஏஓவிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் வந்த பிறகும் நம் பெண்கள் விடிகாலை நாலு மணிக்குத் தூக்குவாளியோடு ரோட்டில் நிற்கிறார்கள். கம்பம், கோம்பை, தேவாரம், போடி என்று எங்கிருந்தும் ஜீப்பில் ஏறுகிறார்கள். பத்துப் பேர் போகிற ஜீப்பில் இருபது பேர். கம்பம்மெட்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி ஏலக்காட்டுக்குப் போய் இருட்டினபிறகு திரும்புகிறார்கள். என் அம்மாவும் போனவர்தான். மழைக்காலத்தில் பாறை உருண்டு பாதை அடைபடுகிற மலை அது. ஜீப் கவிழ்ந்தால் பேப்பரில் நாலு வரி. இவர்கள் ஆபத்தான இடத்தில் குடியிருக்கவில்லை, தினமும் போய் வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை கொதித்தபோது இடுக்கியில் நம் ஆட்கள் அடிக்கப்பட்டார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்டுவழியாக இறங்கி வந்தார்கள். இங்கே பள்ளத்தாக்கு முழுவதும் திரண்டு எல்லையை நோக்கி நடந்தது. சரிதான். ஆனால் அணை உடைந்தால் முதலில் தண்ணீர் போகிற வண்டிப்பெரியாற்றில் தேயிலை லயத்தில் இருப்பது யார்? அங்கேயும் நம்ம சனம்தான். அணைக்கு இந்தப் பக்கம் வயல் இல்லாமல் மேலே ஏறியவர்கள், அந்தப் பக்கம் அணைக்குக் கீழே படுத்திருக்கிறார்கள். 136 அடியா 142 அடியா என்ற சண்டையில் ரெண்டு மாநிலமும் இவர்களைக் கேட்டதில்லை. அணை பலமாக இருக்கிறதா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. 142 அடிக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தாகிவிட்டது. நான் கேட்பது, இந்தத் தண்ணீரில் பங்கு இருந்திருந்தால் இவர்கள் மலை ஏறியிருப்பார்களா?

2024 ஜூலை 30இல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் போன பிறகு எல்லா இடத்திலும் வரைபடம் போடுகிறார்கள். சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம். விஞ்ஞானம் வேண்டும், நான் மறுக்கவில்லை. மலையைக் காப்பாற்றச் சொன்ன காட்கில் குழுவின் 2011 அறிக்கையை யார் யார் சேர்ந்து எதிர்த்தார்கள் என்பதும் மறக்கக்கூடாது. ஆனால் சிவப்பு மண்டலத்தில் ரிசார்ட்டும் இருக்கிறது, லயமும் இருக்கிறது. வெளியேற்று என்று உத்தரவு வந்தால் எது முதலில் போகும்? சென்னையைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று கூவம், அடையாறு கரைச் சேரிகளைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய இடம். மழைக்கு அங்கேயும் தண்ணீர். வேலைக்குப் போக பஸ்ஸில் மணிக்கணக்கு. வெள்ளத்திலிருந்து வெள்ளத்துக்கு மாற்றி, நடுவில் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இதை அம்பேத்கர் யோசிக்காமல் இல்லை. 1942 நாக்பூர் மாநாட்டில், சாதிக் கிராமங்களிலிருந்து விலகிய தனிக் குடியேற்றங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அதை அரசியல் சட்டத்துக்குள்ளேயே வைக்கச் சொன்னார்: குடியேற்ற ஆணையம் ஒன்று வேண்டும், அரசின் தரிசு நிலங்களை எடுத்து நம்ம மக்களுக்குப் புது ஊர்களை உண்டாக்க வேண்டும் என்று. ஊரிலிருந்து வெளியேறு என்று மட்டும் அவர் சொல்லவில்லை. வெளியேறி எங்கே போவது, யார் நிலம் தருவது என்பதையும் எழுதினார். அந்தப் பக்கத்தை அரசியல் நிர்ணய சபை எடுக்கவில்லை. நம் சனங்கள் தாங்களாகவே அந்தக் குடியேற்றத்தைச் செய்தார்கள், கிடைத்த மண்ணில். கிடைத்தது சரிவும் படுகையும்.

அதனால் டீக்கடையில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவரிடம் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்: அண்ணே, நீங்க இருக்கிற மேடு எப்படி உங்களுக்கு வந்துச்சுன்னு மொதல்ல சொல்லுங்க. ஓடைக்கரையில எங்க தெரு ஏன் இருக்குன்னு பெறகு நான் சொல்றேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பள்ளத்தாக்கில் உங்கள் ஊர் ஒவ்வொன்றிலும் காலனி எங்கே இருக்கிறது, ஓடை எங்கே, சுடுகாடு எங்கே, வாய்க்கால் உடைந்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் வரும் என்று பாருங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள், அந்த மனை எந்த வருஷம், யார் கையால் ஒதுக்கப்பட்டது, அதற்கு முன் அது என்ன நிலம் என்று. கிராம வரைபடமும் புலப்பட நகலும் தாலுகா ஆபீசில் மனுப் போட்டால் கிடைக்கும். இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பஞ்சமி நிலம் என்று அதில் ஏதாவது வந்தால் தனியாகக் குறித்து வையுங்கள். ஜீப்பில் போகிற பெண்களிடம் பேசும்போது ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாளில் அவர்களுக்கு நேரம் இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் பத்து ஊருக்காவது முடித்துக்கொண்டு வந்தால் போதும். நகல் எடுக்கிற காசை நான் தருகிறேன்.